கயிற்றுக்கு முன் ஒரு கட்டில்

டாக்டர் பவளத்தைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். அவர் அப்பா குடிப்பாரா? குடிநோய்க்கு வைத்தியம் பார்க்கிற பெண் என்றால் வீட்டில் ஒரு குடிகாரன் இருந்தே தீர வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. இல்லை ஐயா, குடிக்க மாட்டார். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, ஓசூர் சிப்காட்டில் லேத் மெஷின் முன்னால் நின்றே முட்டி தேய்ந்தவர் அவர். காபி குடிப்பார், அதுவும் சர்க்கரை இல்லாமல். மகள் மனநல மருத்துவம் படித்ததற்கு, வாங்கிய மார்க்குக்கு அந்த இடம்தான் கிடைத்தது என்பது மட்டுமே காரணம். டாக்டரே சிரித்துக்கொண்டு இதைச் சொல்வார். கேட்டவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

என் பெயர் ராஜலட்சுமி. அவருடைய வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஓசூர்ப் பக்கத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று அங்கே பெயர் உண்டு. அந்த வார்டில் வேலை பார்த்தால் யாருக்கும் நீளும். பிணவறையை ஒட்டிய பழைய ஸ்டோர் ரூமுக்கு வெள்ளையடித்து, போதை மீட்பு வார்டு என்று பலகை மாட்டிக் கொடுத்தார்கள். மற்ற வார்டு நர்சுகள் எங்களைப் பார்த்து, "உங்களுக்கென்ன, பக்கத்து ரூமுக்குத் தள்ளிவிட்டாப் போச்சு" என்று கேலி செய்வார்கள்.

மேடம் கேலிக்கெல்லாம் அசைய மாட்டார். கிரானைட் பட்டறையில் கல் ஏற்றுகிறவன், கம்பெனி வேன் ஓட்டுகிறவன், பசுமைக்குடிலில் மருந்தடிக்கிறவன் என்று யார் வந்து உட்கார்ந்தாலும் அவர் முதலில் கேட்பது, சாப்பிட்டாயா என்றுதான். கன்னடக்காரன் என்றால் "ஊட்டா ஆய்தா?" என்பார். தெலுங்கு பேசுகிறவனிடம் தெலுங்கில் கேட்பார். எவ்வளவு குடிப்பாய் என்ற கேள்வி அதற்கு ரொம்ப நேரம் கழித்துத்தான் வரும். அதற்குள் ஆள் தானாகவே சொல்லியிருப்பான். நானாக இருந்தால் முதலில் நன்றாகத் திட்டியிருப்பேன்.

எங்கள் பக்கத்தில் குடியை விட வேண்டும் என்றால் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. கயிறு கட்டப் போவார்கள். உத்தனப்பள்ளியைத் தாண்டி ஒரு முனீஸ்வரன் கோயில். அமாவாசைக்கு அமாவாசை அங்கே கூட்டம். குடிகாரனைக் குளிப்பாட்டி, ஈரத் துணியோடு சாமி முன்னால் நிறுத்தி, அடுத்த திருவிழா வரை தொட மாட்டேன் என்று சத்தியம் வாங்கி, பூசாரி வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிவிடுவார். கயிறோடு குடித்தால் முனீஸ்வரன் சும்மா விட மாட்டான். முதலில் கையை நடுங்க வைப்பான். அப்புறம் கண்ணுக்குப் பூச்சியும் பாம்புமாகக் காட்டுவான். அதற்கு மேலும் தவறை ஒத்துக்கொள்ளாவிட்டால் வலிப்பு வர வைத்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நானும் அதை நம்பி வளர்ந்தவள்தான்.

மேடம் இங்கே வந்த புதிதில், கையில் கறுப்புக் கயிறோடு பிணங்கள் வந்தன. பிணவறை பக்கத்திலேயே இருந்ததால் அவர் கண்ணில் பட்டது. ஒவ்வொரு அமாவாசைக்கும் பிறகு இரண்டு மூன்று நாள் கழித்து வரும். வருஷக்கணக்கில் காலையும் மாலையும் குடித்த உடம்பு. அதை ஒரே நாளில் நிறுத்தினால் அது தாங்காது. கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், இல்லாத பூச்சியைத் தட்டிவிடும், காய்ச்சல் ஏறும், வலிப்பு வரும். நேரத்துக்கு மருந்து போட்டால் பிழைக்கலாம். ஆனால் வீட்டுக்காரர்களுக்கு அது முனீஸ்வரன் கோபம். இவன் கயிறோடு திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டான், அதனால்தான் சாமி பிடித்து ஆட்டுகிறது என்று, ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வராமல் மறுபடி கோயிலுக்கே தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். சத்தியத்தை ஒழுங்காகக் காப்பாற்றியவன்தான் இப்படிச் செத்தான். திருட்டுத்தனமாகக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டவன் பிழைத்துக்கொண்டான். செத்தவனை வாக்குத் தவறியவன் என்று ஏசிக்கொண்டே புதைத்தார்கள். இதை மேடம் எனக்கு விளக்கிச் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேறு டாக்டராக இருந்தால் மூடநம்பிக்கை என்று ஒரு கூட்டம் போட்டுப் பேசிவிட்டுப் போயிருப்பார். மேடம் கோயிலுக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பூசாரி திம்மராயன் முரட்டு ஆள். ஆஸ்பத்திரிக்காரர்கள் என்றதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மேடம் தரையில் உட்கார்ந்து, இத்தனை காலத்தில் கயிறோடு செத்தவர்களில், இவன் கண்டிப்பாகக் குடித்திருக்க மாட்டான் என்று உங்கள் மனசுக்குப் பட்டவன் யாராவது உண்டா என்று மட்டும் கேட்டார்.  திம்மராயன் ஒரு பெயர் சொன்னார். அவருடைய அக்கா மகன். அதைச் சொல்லும்போது அந்த முரட்டு மனிதர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஏற்பாடு மாறியது. கயிறு கட்ட வருகிறவனைத் திம்மராயனே திருப்பி அனுப்ப ஆரம்பித்தார். "ஒடம்புல இருக்கறத ஆஸ்பத்திரில எறக்கிட்டு வா, அப்பறம் கட்டறன்" என்பார். சாமி வாயிலிருந்து வந்த வார்த்தை மாதிரி அதற்கு மதிப்பு. எங்கள் வார்டில் ஒரு வாரம் படுத்து, நடுக்கத்துக்கு மாத்திரை சாப்பிட்டு, அதைப் படிப்படியாகக் குறைத்து முடித்துவிட்டு, இங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போவார்கள். மாத்திரை முழுவதும் முடிந்த பிறகே கயிறு. அதில் மட்டும் மேடம் விட்டுக்கொடுக்கவே மாட்டார். ஏனென்றால் அந்த மாத்திரை ஆளைக் கிறக்கும். கயிறு கட்டினவன் கிறக்கம் தருகிற எதையும் வாயில் வைக்க மாட்டான். அந்த ஏற்பாடு நடந்த வரைக்கும் கயிறு கட்டிய கையோடு ஒரு பிணம்கூட எங்கள் பக்கத்து ரூமுக்கு வரவில்லை.

இந்தப் புண்ணியத்தை யாரோ மேலிடத்தில் போய்ச் சொல்லிவிட்டார்கள். போதை சிகிச்சைக்கு மாநிலம் முழுவதற்கும் கொள்கை வகுக்கச் சென்னையில் ஒரு குழு போட்டார்கள். மேடத்தையும் அதில் சேர்த்தார்கள். அன்றைக்கு நான் ஸ்வீட் வாங்கி வார்டு முழுக்கக் கொடுத்தேன்.

அங்கே அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பத்தி. சாமிக்கு வேண்டிக்கொண்டு குடியை நிறுத்துகிறவர்களை, நிறுத்துவதற்கு முன்னால் அரசு ஆஸ்பத்திரிகளில் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதை எழுதிக்கொண்டு அவர் எத்தனை தடவை ரயிலேறினார் என்று சொல்லி மாளாது. அரசாங்கக் காகிதத்தில் முனீஸ்வரன் எப்படி வர முடியும் என்று ஒரு பெரிய அதிகாரி கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம். மேடம் சாமி பெயரை எடுத்துவிட்டு எழுதினார். கோயில் என்ற வார்த்தையை எடுத்துவிட்டு எழுதினார். கடைசியில் அந்தப் பத்தியே போய்விட்டது.

குழுவுக்கு வேறு அவசரம் இருந்தது. வலி மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்கிற பழக்கம் அப்போது கம்பெனிப் பையன்கள் தங்குகிற லைன் வீடுகளில் பரவியிருந்தது. பேப்பரில் தினமும் செய்தி. பிடித்து உள்ளே தள்ள வேண்டும் என்று ஒரு கட்சி. மேடம் அங்கே ஒற்றை ஆளாக நின்று, அவர்கள் நோயாளிகள், ஸ்டேஷனுக்கு அனுப்பாதீர்கள், எங்களிடம் அனுப்புங்கள் என்று சண்டை போட்டு ஜெயித்தார். அந்த விதியை எழுதியது அவர் கை. நல்ல விதி என்று இன்றைக்கும் சொல்வேன். அதனால் பிழைத்த பையன்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் அரசாணை வந்தபோது அதற்கு ஒரு வாலும் சேர்ந்து வந்தது. எங்களைப் போன்ற வார்டுகளின் கட்டில்கள் இனி ஊசிப் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். குடிநோயாளிகள் வெளிநோயாளியாக வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு போகலாம். அவர்களுக்குத் தனிக் கட்டிடம், சென்னையிலிருந்து குழு வந்து பார்த்து ஒப்புதல் தந்த பிறகு, அடுத்த கட்டமாக. நான் அதைப் படித்துவிட்டுக் கத்தினேன். மேடமும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார். "மொதல்ல இது வரட்டும் ராஜி. இதைப் புடிச்சுக்கிட்டு அடுத்தது வந்திரும்" என்றார். அவர் அதை நம்பினார். திம்மராயனிடம் போய், புதுக் கட்டிடம் வருகிற வரை கயிறு கட்டுவதைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டு வந்தார். அவரும் சரி என்றார். ஆனால் குடிக்கிறவன் வீட்டில் நடக்கிற சண்டையைக் கட்டிடம் வருகிற வரை யார் தள்ளிப்போடுவது?

மாதப்பன் வந்தது அந்தச் சென்னைக் குழு வருவதாக இருந்த வாரத்தில். பாகலூர்ப் பக்கத்து ஆள். கிரானைட் பட்டறையில் லோடிங். நெட்டையாக, கூனிக் குறுகி நிற்பார். பக்கத்தில் மனைவி மாரம்மா. ரோஜாப் பண்ணையில் பூப் பறிக்கிறவள். முள் கீறிய கை. ஒரே மகள் யுவஸ்ரீக்கு ஹரீஷ்குமார் என்று ஒரு கம்பெனிப் பையனோடு கல்யாணம் பேசியிருந்தார்கள். பையனும் பெண்ணும் ஒருத்தரை ஒருத்தர் விரும்பிய சம்பந்தம். பையன் வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை. பெண்ணின் அப்பா இந்த அமாவாசைக்குக் கயிறு கட்டியாக வேண்டும். குடிகாரன் வீட்டில் சம்பந்தம் வைத்தோம் என்று நாளைக்குப் பேச்சு வரக் கூடாதாம்.

மாதப்பன் இதைச் சொல்லிவிட்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி மேடத்தைப் பார்த்தார். "எனக்கே வேணாம்னுதான் இருக்குது மேடம். பாப்பாவுக்காகவாவது உட்டர்றன்" என்றார்.

மேடம் விசாரித்தார். முன்பு ஒரு தடவை சபரிமலைக்கு மாலை போட்டுக் குடியை நிறுத்தியபோது மாதப்பனுக்கு வலிப்பு வந்திருக்கிறது. வலிப்பு வந்த ஆளை வீட்டில் வைத்து நிறுத்தவே கூடாது. கட்டிலில் படுக்கவைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். இதை எங்களுக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான்.

கட்டில் காலியாக இருந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஊசிப் பையன்கள் சிலர்தான் உள்ளே. மற்ற கட்டில்களில் புது விரிப்பு விரித்து, ஒரு சுருக்கம் இல்லாமல் மடித்துவிட்டு, குழுவுக்காகத் தயாராக வைத்திருந்தோம். ஆணையை மீறி அங்கே ஒரு குடிநோயாளி படுத்திருப்பதை அவர்கள் பார்த்தால் புதுக் கட்டிடத்துக்கு ஒப்புதல் கிடைக்காது. அது கிடைத்தால் இந்த மாதப்பனுக்கு மட்டுமல்ல, இந்தப் பக்கத்து மாதப்பன்களுக்கெல்லாம் கட்டில். மேடம் வார்டு வாசலில் நின்று அந்த விரிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொது வார்டில் கேட்டுப் பார்த்தார். குடிகாரன் கலாட்டா செய்வான், எடுக்க மாட்டோம் என்றார்கள். தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்றார். கூட இருக்க ஆள் இல்லை, லீவு போட்டால் பண்ணையில் வேறு ஆளை வைத்துவிடுவார்கள் என்று மாரம்மா கையைப் பிசைந்தாள்.

மேடம் ஒரு முடிவுக்கு வந்தார். கயிறு அடுத்த அமாவாசைக்குப் போகட்டும். கட்டில் கிடைக்கிற வரை வீட்டிலேயே, மாரம்மா கையால், வேளை தவறாமல் மாத்திரை. தினமும் ஆள் வந்து முகத்தைக் காட்ட வேண்டும். குழு போன மறுநாள் கட்டில் தருகிறேன், இது சத்தியம் என்றார். மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்று மாரம்மாவுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அந்தம்மா தப்பில்லாமல் சொன்னாள்.

முதல் இரண்டு நாளும் மாதப்பன் வந்தார். கை கொஞ்சம் நடுங்கினாலும் முகம் தெளிவாக இருந்தது. மூன்றாம் நாள் அமாவாசை. அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாள் சென்னைக் குழு வந்தது.

என்ன நடந்தது என்று பிறகு தெரிந்தது. பையனின் மாமா வந்து, அடுத்த மாதம் என்ற பேச்சே கூடாது, நாளைக்குக் கயிறு கட்டினால் சம்பந்தம், இல்லாவிட்டால் நாங்கள் வேறு இடம் பார்க்கிறோம் என்று வாசலிலேயே நின்று சொல்லியிருக்கிறார். மாதப்பன் கோயிலுக்குப் போனார். தள்ளிப்போடுவதாகச் சொல்லியிருந்த திம்மராயன், கல்யாணம் நின்றுவிடும் என்று எல்லோரும் கெஞ்சியதும், ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்று மட்டும் கேட்டார். போனேன், மாத்திரை தந்திருக்கிறார்கள் என்று மாதப்பன் சொன்னது நிஜம்தானே? மாத்திரை முடிந்ததா என்று கேட்கத் திம்மராயனுக்குத் தோன்றவில்லை. கயிறு ஏறியது. அன்று சாயங்காலம் மாத்திரை சாப்பிட்ட மாதப்பனுக்கு நாக்குக் குழறி, நடை தள்ளாடியது. கயிறு கட்டின கையோடு இப்படிக் கிறக்கத்தில் கிடந்தால் சாமி பொறுக்குமா, இதுவும் ஒரு போதைதானே என்று சொந்தக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். மாரம்மா பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

குழுவுக்கு வார்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோதே மேடம் இரண்டு தடவை என் பக்கம் திரும்பி, மாதப்பன் வந்தாரா என்று கண்ணாலேயே கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். குழுவுக்கு எல்லாம் பிடித்துப்போயிற்று. இதைப் பார்த்து மற்ற மாவட்டங்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது திம்மராயனிடமிருந்து போன் வந்தது. உங்கள் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கின ஆள் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள், நிலைமை சரியில்லை, உடனே வாருங்கள் என்றார். மேடம் குழுவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் டிரைவரைக் காரை எடுக்கச் சொன்னார். நான் ஊசி மருந்துகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

கோயில் கல்தூணில் மாதப்பனைத் துண்டால் கட்டி வைத்திருந்தார்கள். உடம்பெல்லாம் எலுமிச்சம்பழம் தேய்த்த வாசனை. கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது. தோளில் ஏறுகிற எறும்பைத் தட்டிவிட முடியாமல் தவித்தார். எறும்பு ஒன்றும் இல்லை. சுற்றி நின்றவர்கள், குடித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, சாமி விட்டுவிடும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். மாரம்மா காலில் விழுந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த நிலையிலும் மாதப்பன், "குடிக்கல சாமி, குடிக்கல" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். தொட்டுப் பார்த்தேன். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. மேடம் அங்கேயே ஊசி போட்டார். அவிழ்த்துக் காரில் ஏற்றினோம். பாதி வழியில் ஒரு பெரிய வலிப்பு. அதற்குப் பிறகு மூச்சு வரவில்லை. மேடம் காரை ஓரம் கட்டச் சொல்லி, ரோட்டிலேயே படுக்கவைத்து நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தார். லாரிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. போதும் மேடம் என்று நான்தான் அவர் கையைப் பிடித்தேன்.

மறுநாள் அடக்கத்துக்கு முன்னால் பாகலூருக்குப் போனோம். மாதப்பன் குடிக்கவில்லை என்று அந்த ஊரில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று மேடத்துக்கு. எனக்கும் அதே வெறி. உண்மையைச் சொன்னவனைப் பொய்யன் என்று புதைக்க விடுவதா? தெருவில் நுழையும்போதே பேச்சு காதில் விழுந்தது. கயிறோடு குடித்தான், முனீஸ்வரன் வாங்கிக்கொண்டான் என்று. பையன் வீட்டு மாமா நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். யுவஸ்ரீ அப்பாவின் தலைமாட்டில் அழாமல் இருந்தாள். அந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மாரம்மா எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து மேடத்தின் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். நானும் போனேன். "மேடம், அவரு குடிச்சிட்டாருன்னே சொல்லிருங்க" என்றாள். எனக்குப் புரியவில்லை. "நீங்க அத்தன தடவ சொல்லியும் மாத்திரைய நானில்ல நிறுத்துனன். அவரு குடிக்கலன்னா, நாந்தான மேடம் கொன்னன்? குடிச்சாருன்னு இருந்தா நான் எப்படியோ இருந்துக்குவன்."

மேடம் அவள் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வார்டில், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்கிற சிலரை இப்படிப் பார்த்துவிட்டு, இவரைத் தனியாக விடாதே ராஜி என்பார். ஒரு தடவையும் தப்பாகப் போனதில்லை. மாரம்மாவின் கண்ணில் தண்ணீர் இல்லை.  குடித்தார் என்றால் மாதப்பனின் பெயர் போகும், மகள் கல்யாணம் போகும். குடிக்கவில்லை என்றால் இவள் போய்விடுவாள்.

மேடம் மாரம்மாவின் கையை விடாமலே முன்வாசலுக்கு வந்தார். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"மாதப்பன் ஒரு சொட்டுக் குடிக்கல" என்றார். "அவருக்கு வந்தது சாமி கோவம் இல்ல, நோய். எங்க ஆஸ்பத்திரியில அன்னைக்குக் கட்டில் காலியா இருந்துச்சு. நாந்தான் அவரைப் படுக்க வைக்காம வீட்டுக்கு அனுப்புனேன். மாத்திரை குடுத்திருந்தாலும் வீட்டுல வச்சு அவரு பொழைச்சிருக்க மாட்டாரு. நிறுத்துனதால ஒண்ணும் ஆகல. தப்பு என்னோடது."

அதையே கன்னடத்திலும் சொன்னார். முன்பாதி அத்தனையும் நிஜம். மாத்திரையைப் பற்றிச் சொன்னது பொய். நிறுத்தாமல் இருந்திருந்தால் மாதப்பன் பிழைத்திருக்க வழி இருந்தது. எனக்குத் தெரியும். என்னைவிட அவருக்குத் தெரியும். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

 எல்லோரும் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். கவர்மெண்ட் ஆஸ்பத்திரி கொன்றுவிட்டது என்று ஒருவன் செல்போனில் படம் பிடித்தான். ஒரு பெரியவர் மண்ணை வாரித் தூற்றினார். மேடம் நின்ற இடத்திலேயே நின்றார். மாரம்மா வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் மேடம் அவள் கையை விட்டார். நாங்கள் கிளம்பும்போது யுவஸ்ரீ எழுந்து வந்தாள்.

"எங்கப்பா குடிக்கலன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. அது போதும்" என்றாள். "இனிமே எங்க வூட்டுப் பக்கம் வராதீங்க."

 காரில் நான் ஒரு பாட்டம் அழுது தீர்த்தேன்.

அந்த வீடியோ சென்னை வரைக்கும் போயிற்று. காலியாக இருந்த கட்டில் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். விளக்கம் கேட்டார்கள். மேடம் அங்கே சொன்னதையே எழுதிக் கொடுத்தார். குழுவிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். புதுக் கட்டிடம் பற்றி அப்புறம் யாரும் பேசவே இல்லை. யுவஸ்ரீக்கும் ஹரீஷ்குமாருக்கும் கல்யாணம் நடந்தது. கோயிலில் வைத்துச் சின்னதாக நடத்தினார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்களுக்குச் சொல்லவில்லை.

இவையெல்லாம் எனக்குப் பெரிய விஷயம் இல்லை. திம்மராயன்தான் பெரிய விஷயம். ஒரு அமாவாசைக்கு முன்னால் நான் தனியாகப் போய், முதல் மாதிரி ஆட்களை அனுப்புங்கள், எப்படியாவது கட்டில் பார்த்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "மேடம் வாயாலயே சொல்லிட்டாங்களேம்மா, மாத்திரையால ஒண்ணும் ஆவாது, ஆஸ்பத்திரி வூட்டுக்கு அனுப்புனதாலதான் செத்தான்னு. இனி நான் எந்த மூஞ்ச வச்சிக்கினு அங்க போன்னு சொல்றது?" என்றார். மறுபடியும் கோயிலுக்கு வருகிறவனுக்கு நேராகக் கயிறு.  அமாவாசை கழிந்தால், பக்கத்து ரூமுக்கு ஸ்ட்ரெச்சர் வருகிற சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வந்துகொண்டுதான் இருக்கிறது.

இதில் மேடத்துக்கும் எனக்கும் தீராத சண்டை. போன வாரமும் கெலமங்கலத்திலிருந்து ஒருவன் கயிறோடு வந்தான். கல்யாணம்கூட ஆகவில்லை. வரும்போதே உயிர் இல்லை. நான் நேராக ஓ.பி. அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். திம்மராயனிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லுங்கள், மாத்திரையை நிறுத்தியதால்தான் மாதப்பன் செத்தார் என்று சொன்னால் அவர் மறுபடி ஆட்களை அனுப்புவார், உங்களுக்கு வாய் வராவிட்டால் நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். ஒருத்திக்காக எத்தனை பேரைச் சாகக் கொடுப்பீர்கள் என்றும் கேட்டுவிட்டேன்.

மேடம் என்னைத் திட்டவில்லை. திம்மராயனுக்குச் சொன்னால் அடுத்த நாள் பாகலூருக்குப் போய்விடும் என்றார். அப்புறம், மாரம்மா வேலைக்குப் போகிறாளா என்று கேட்டார். போகிறாள், காலையில் பண்ணை வண்டியில் ஏறுவதை அங்கிருந்து வருகிற ஆயா பார்த்திருக்கிறாள் என்றேன்.

"சாப்பிடுறாங்களாமா?"

சாப்பிடுகிறாளாம், மகள் மாசமாக இருக்கிறாளாம் என்றேன்.  இங்கே செத்துக் கிடக்கிறவனுடைய பெயராவது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"கௌதம்" என்றார். அவனுக்கு முன்னால் வந்தவனின் பெயரைச் சொன்னார். அதற்கு முன்னால் வந்தவன் பெயரையும் சொன்னார். மாதப்பன் வரை பின்னாலேயே போய், ஒரு பெயர் விடாமல் சொல்லி முடித்துவிட்டு, "அடுத்த ஆளைக் கூப்பிடு ராஜி" என்றார்.